பட்டியலில் இருக்கிறது, இடத்தில் இருக்கிறதா? பொறியியல் பாரம்பரியப் பலகைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

பழைய பாலம், அணை, பம்ப் நிலையம், ரயில் பாதை என்று ஆஸ்திரேலியாவில் எங்கே போனாலும் ஓரமாக ஒரு பலகை நிற்கும். யார் கட்டியது, எந்த வருடம், அதில் என்ன விசேஷம் என்று நாலு வரி இருக்கும். பாலத்தைப் போட்டோ எடுத்துவிட்டுப் பலகையைக் கடந்து போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஜிபிஎஸ் வைத்து மறைத்த டப்பாவைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட ஆரம்பித்த புதிதில், ஒரு கேச்சுக்கான, அதாவது டப்பாவுக்கான துப்பு இப்படி ஒரு பலகையில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நின்று படித்தேன். அன்றிலிருந்து பலகைகளைத் தேடியே போகிறேன்.

சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ புதிதாகக் குடிவந்திருக்கும் நம் ஆட்கள் சிலர், "வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இதற்குப் போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகை பொறியாளர் அமைப்பின் பட்டியலில் இருப்பது வேறு, இடத்தில் இருப்பது வேறு. யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லாதவரை பட்டியல் வெறும் பட்டியல்தான்.

ஜியோகேச்சிங் என்றால்

2000 மே 2 வரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அன்று அதை நீக்கினார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவி, திடீரென்று பத்து இருபது மீட்டருக்குள் காட்டத் தொடங்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் ஒரு காட்டோரம் கறுப்பு பக்கெட் ஒன்றை மறைத்துவைத்து, அது இருக்கும் கோஆர்டினேட்டை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு அப்படிப் பிறந்ததுதான்.

இப்போதும் அதே கதைதான். யாரோ ஒரு டப்பாவை மறைத்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே அப்படியே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இணையத்திலும் பதிய வேண்டும். உள்ளே சின்ன பொம்மை, நாணயம் ஏதாவது இருந்து பிள்ளைகள் எடுத்துக்கொண்டால், அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். ஜியோகேச்சிங் டாட் காமில் இலவசக் கணக்குப் போதும், போன் போதும். ஒவ்வொரு கேச்சுக்கும் கண்டுபிடிக்கும் கடினம், போகும் வழியின் கடினம் என இரண்டு மதிப்பெண், ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதல் பத்துக் கேச்சுகளுக்கு இரண்டும் ஒன்றரைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முதல் நாளே கிடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் முறை காரில் ஏற மாட்டார்கள்.

பாலத்தடியில் டப்பா இருக்காது

புதியவர்கள் தவறாக நினைப்பது இதுதான். பொறியியல் பாரம்பரிய இடம் என்றால் டப்பா அந்தப் பாலத்துக்கு அடியிலேயே, அணைச் சுவரிலேயே இருக்கும் என்று எண்ணி, தூணுக்குத் தூண் கைவிட்டுத் துழாவுவார்கள். அப்படி இருக்கக் கூடாது. பெரிய பாலம், அணை, ரயில் பாதை இவற்றில் மர்மமாக ஒரு டப்பா கிடந்தால் போலீஸ் வரும், வெடிகுண்டு நிபுணர் வருவார், போக்குவரத்து நிற்கும். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் கேச் வைப்பதைப் பட்டியலிடும் தளங்கள் ஏற்பதில்லை. துழாவிக்கொண்டிருக்கும் உங்களையும் பார்க்கிறவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

அதனால் டப்பா வேறிடத்தில் இருக்கும், துப்பு பலகையில் இருக்கும். இதைப் பல கட்ட கேச், 'மல்ட்டி' என்பார்கள். எப்படி வேலை செய்கிறது என்று ஓர் உதாரணம். பலகையில் பாலம் திறந்த வருடம் 1836 என்று இருக்கிறது. அ=1, ஆ=8, இ=3, ஈ=6 என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். டப்பா இருப்பது தெற்கு 33° 53.ஈஇஅ என்றால் 33° 53.631. கிழக்குப் பக்கமும் அதேபோல. கணக்குப் போட்டு எண்ணைக் கொடுத்ததும் போனில் அம்பு ஐந்நூறு மீட்டர் தள்ளி ஒரு பூங்காவைக் காட்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலகை போய்விட்டால் கேச்சும் போச்சு. டப்பா பத்திரமாக இருக்கும், போகத்தான் வழி இருக்காது. பலகை இருக்கிறதா என்று சரிபார்ப்பது இந்த விளையாட்டின் உயிர்நாடி என்று நான் சொல்வது இதனால்தான்.

டப்பாவே இல்லாமலும் ஆடலாம். வேமார்க்கிங் என்ற தளத்தில் இடத்துக்குப் போய்ப் படமெடுத்துப் பதிவதுதான் ஆட்டம், பலகைகளுக்கு ஏற்றது. அட்வெஞ்சர் லேப் என்ற வகையில் ஐந்து இடங்களில் ஐந்து கேள்வி, பதில் பெரும்பாலும் பலகைகளிலேயே இருக்கும். ஜியோகேச்சிங் ஆஸ்திரேலியா என்ற உள்ளூர்த் தளத்தில், நில அளவைக்காக மலையுச்சிகளில் நட்ட கம்பங்களைக்கூடத் தேடிப் பதியலாம். மலையேறப் பிடிக்கும் என்றால் அது தனி ஆனந்தம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

யார் வைத்த பலகை?

ஒரே பாலத்தில் மூன்று நான்கு பலகைகள் இருக்கும். திறப்பு விழா பலகை ஒன்று, நம் ஊர்த் திறப்பு விழாக் கல்வெட்டு மாதிரியே அமைச்சர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நகராட்சி வைத்தது ஒன்று, உள்ளூர் வரலாற்றுச் சங்கம் வைத்தது ஒன்று. நாம் தேடுவது இவை எதுவும் அல்ல. பொறியாளர்களின் அமைப்பு வைத்ததைத்தான் தேடுகிறோம்.

ஆஸ்திரேலியப் பொறியாளர் கழகம் 1919-ல் தொடங்கியது. 1984-லிருந்து பழைய பொறியியல் வேலைகளை அடையாளம் கண்டு பலகை வைத்துவருகிறது. இன்று அதை 'எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா' என்கிறார்கள், பாரம்பரியப் பிரிவுக்கு 'எஞ்சினியரிங் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா' என்று பெயர். பழைய பலகைகளில் 'தி இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எஞ்சினியர்ஸ், ஆஸ்திரேலியா' என்றே இருக்கும். இந்தப் பெயரைப் பார்த்தாலே பலகை எந்தக் காலத்தது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அங்கீகாரத்தின் பெயரும் மாறியிருக்கிறது. முன்பு 'ஹிஸ்டாரிக் எஞ்சினியரிங் மார்க்கர்', 'நேஷனல் எஞ்சினியரிங் லேண்ட்மார்க்' என்றார்கள். இப்போது 'எஞ்சினியரிங் ஹெரிடேஜ் மார்க்கர்', அதில் தேசியம், சர்வதேசம் என்று படிகள். பட்டியலில் புதுப் பெயர் இருக்கும், சுவரில் பழைய பெயர் இருக்கும். பெயர் ஒத்துவரவில்லை என்பதற்காக 'இது வேறு பலகை' என்று திரும்பி வந்துவிடாதீர்கள். வேலையின் பெயரையும் அமைப்பின் பெயரையும் பாருங்கள்.

சில இடங்களுக்கு அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் சர்வதேச அங்கீகாரமும் சேர்ந்து கிடைத்திருக்கிறது. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு 1988-ல், ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்கு 1997-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் கோல்டுஃபீல்ட்ஸ் குடிநீர்த் திட்டத்துக்கு 2009-ல். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகும்போது எந்த அமைப்பின் பலகையைத் தேடுகிறோம் என்பதை முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே பாதி வேலை

காரை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மேசையில் உட்காருங்கள். எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் பட்டியலில் இடத்தின் பெயரைப் பிடியுங்கள். பல இடங்களுக்கு, அங்கீகாரம் கேட்டு எழுதிய பரிந்துரை அறிக்கை முழுவதுமே படிக்கக் கிடைக்கிறது. நீளமாக இருக்கும், ஆனால் விடாமல் படியுங்கள், ஏனென்றால் அதில் பலகையை எங்கே வைக்கலாம் என்று ஒரு பத்தியோ வரைபடமோ இருக்கக்கூடும். 'வைக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். அது பலகை வைப்பதற்கு முன்னால் எழுதியது. வைக்கும் நாளில் மரம் மறைக்கிறது, கல் சரியில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்று வேறு பக்கம் போயிருக்கலாம். அறிக்கையைப் பார்த்துவிட்டு 'இங்கே இருக்கிறது' என்று பதிந்துவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் தவறு.

அப்புறம் ட்ரோவ். தேசிய நூலகத்தின் இந்தத் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். பாலத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் திறப்பு விழாச் செய்தி வரும், நாள் கிடைக்கும். பலகையில் உள்ள வருடம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் என்றால் மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். கடைசியாக கூகிள் ஸ்ட்ரீட் வியூ. அதில் பழைய வருடப் படங்களுக்கும் போகலாம். ஒரு வருடத்துப் படத்தில் சுவரில் பலகை, சில வருடம் கழித்து எடுத்த படத்தில் வெறும் சுவர் என்றால், எப்போது போனது என்பதற்கு ஓர் எல்லை கிடைத்துவிடும்.

இனி ஒரு பெரிய சிக்கல். அங்கீகாரம் பெற்றது மிகப் பெரிய கட்டுமானமாக இருக்கும், பலகையோ ஒரு புள்ளி. கோல்டுஃபீல்ட்ஸ் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்த் அருகே மண்டாரிங் அணையிலிருந்து கால்கூர்லி தங்கச் சுரங்க ஊர் வரை சுமார் 530 கிலோமீட்டர் குழாய். வழியில் எட்டு பம்ப் நிலையங்கள் தண்ணீரைப் படிப்படியாக மேட்டுக்கு ஏற்றின. தலைமைப் பொறியாளர் சி.ஒய். ஓ'கானர். ரிவெட் வரிசை அடித்த குழாய் ஒழுகும் என்பதால், இரண்டு அரைவட்டத் தகடுகளை நீளவாக்கில் பட்டைக் கம்பியால் கவ்வவைக்கும் புதுமுறைக் குழாயைப் பயன்படுத்தினார்கள், அது மெஃபன் ஃபெர்குசனின் கண்டுபிடிப்பு. கடும் விமர்சனங்களுக்கு நடுவே வேலை நடந்தது. 1902 மார்ச் 10 அன்று ஓ'கானர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரி 24 அன்று கால்கூர்லியில் தண்ணீர் விட்டார்கள். இந்தக் கதையைப் படித்துவிட்டு அந்தக் குழாயின் பக்கத்தில் நிற்பதும், படிக்காமல் நிற்பதும் ஒன்றல்ல.

சரி, இந்த 530 கிலோமீட்டரில் எந்தப் பலகையைத் தேடிப் போகிறீர்கள்? அணையிலா, முதல் பம்ப் நிலையத்திலா, கால்கூர்லி முனையிலா? இணையத்தில் யாரோ போட்ட ஒற்றைக் கோஆர்டினேட் குழாயின் நட்டநடுவை வரைபடத்தில் குத்தியதாகக்கூட இருக்கலாம். ஸ்னோயி திட்டமும் இதே மாதிரிதான். 16 அணைகள், 145 கிலோமீட்டர் சுரங்க வழிகள், 80 கிலோமீட்டர் கால்வாய்கள், 1949-லிருந்து 1974 வரை நடந்த வேலை. 'ஸ்னோயி பலகையைப் பார்த்தேன்' என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த அணை, எந்த மின் நிலையம், எந்தக் காட்சி மேடை என்று எழுத வேண்டும்.

கோஆர்டினேட்டில் ஏமாறும் மூன்று வழிகள்

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 'அங்கே பலகை இல்லை' என்று வரும் புகார்களில் பல, தேடினவர் தப்பான இடத்தில் நின்றதால் வருபவை.

முதலாவது, எண்ணை எழுதும் முறை. ஜியோகேச்சிங்கில் பாகை (டிகிரி), அப்புறம் தசமப் புள்ளியோடு கலை (மினிட்) என்றுதான் எழுதுவார்கள். 33° 51.500 என்றால் 51 கலையும் அரைக் கலையும், அதாவது 51 கலை 30 விகலை (செகண்ட்). அதை 51 கலை 50 விகலை என்று போனில் அடித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். வரைபடச் செயலியோ வெறும் தசமப் பாகையைக் கேட்கும், அங்கே 33.85833 என்று கொடுக்க வேண்டும், தெற்கு என்பதால் முன்னால் கழித்தல் குறி. குறியை விட்டுவிட்டால் பூமத்திய ரேகைக்கு வடக்கே பசிபிக் கடலுக்குள் கொண்டுபோய் விடும். அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். 600 மீட்டர் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கேயும் ஏதோ ஒரு பாலமும் சுவரும் இருக்கும்.

இரண்டாவது, டேட்டம் என்று சொல்லும் அளவீட்டு அடிப்படை. 80-களிலும் 90-களிலும் எழுதிய பரிந்துரை அறிக்கைகளில், அன்றைய காகித வரைபடத்தின் கட்ட எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அந்த வரைபடங்கள் ஏஜிடி 66 என்ற அடிப்படையில் வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84, ஆஸ்திரேலியாவின் ஜிடிஏ 94 அதற்கு மிக நெருக்கம். பழைய எண்ணை மாற்றாமல் அப்படியே புதுக் கருவியில் போட்டால், உண்மையான இடம் நீங்கள் நிற்கும் இடத்துக்கு வடகிழக்கே சுமார் 200 மீட்டரில் இருக்கும். மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. அவசரத்துக்கு, வடகிழக்காக 200 மீட்டர் நடந்து பாருங்கள். நான் இரண்டு முறை அப்படி நடந்தே பலகையைப் பிடித்திருக்கிறேன். தவிர, ஆறிலக்கக் கட்ட எண் என்றால் அதன் துல்லியமே நூறு மீட்டர்தான்.

ஒரு சின்ன செய்தி, வேலைக்கு உதவாது, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆஸ்திரேலியக் கண்டமே வருடத்துக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ஜிடிஏ 94-ஐ விட்டு ஜிடிஏ 2020 என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் 1.8 மீட்டர் வித்தியாசம்.

மூன்றாவது, போனே காட்டும் பிழை. திறந்த வானத்தில் ஐந்து மீட்டர் வரை சரியாக இருக்கும். இரும்புப் பாலத்துக்கு அடியில், பாறைச் சுவரோரம் நின்றால் சிக்னல் எதிரொலித்து இருபது முப்பது மீட்டர் தாவும். அம்பு சுற்றிக்கொண்டே இருந்தால் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

கிளம்பும்போது

தண்ணீர், தொப்பி, நீளக் கால்சட்டை, மூடிய ஷூ. கோடையில் புல் மண்டிய ஆற்றோரத்தில் பிரவுன் பாம்பு இருக்கும், பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். 'எமர்ஜென்சி பிளஸ்' செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், அவசர உதவி எண்ணான 000-க்கு அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். சிக்னல் இல்லாத ஊர் என்றால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவையுங்கள். ரயில் எல்லைக்குள் கால் வைப்பது சட்டப்படி குற்றம், பலகை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் கேமராவில் ஜூம் போட்டு எடுத்துவிட்டு வாருங்கள். சின்ன டார்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். பகலில் எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

இடத்தில் போய் நின்ற பிறகு

முதலில் பத்து நிமிடம் எதையும் தேடாமல் அந்தப் பாலத்தையோ பம்ப் நிலையத்தையோ சுற்றிப் பாருங்கள். பலகை வைக்கிறவர் மனிதர்தான். மக்கள் நடந்துவரும் வழி, வண்டி நிறுத்துமிடம், உட்காரும் பெஞ்ச், காட்சி மேடை இவற்றின் அருகில்தான் வைத்திருப்பார். பழையவை பெரும்பாலும் கல்லிலோ சுவரிலோ திருகிய உலோகத் தகடுகள். பிற்காலத்தவை படமும் விளக்கமும் உள்ள பெரிய பலகைகளாகக் காலூன்றி நிற்கும்.

கிடைத்துவிட்டால், தேய்ந்த எழுத்தைப் படிக்க டார்ச்சைத் தகட்டின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் வைத்து ஒளியைக் கிடையாக அடியுங்கள். நேராக அடித்தால் பளபளப்புத்தான் தெரியும். கிடையாக அடித்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து, வெறும் கையால் தடவினாலும் புரியாத எழுத்துகூட எழுந்து நிற்கும். மாவு தூவுவது, சாக்பீஸ் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது எதுவும் கூடாது. முப்பது வருட வெயில் செய்யாத சேதத்தை அரை நிமிடத்தில் செய்துவிடுவோம்.

படங்கள் நாலு எடுங்கள். எழுத்து முழுவதும் தெரிய ஒன்று, பலகை எதில் பொருத்தியிருக்கிறது என்று தெரிய ஒன்று, பின்னால் அந்தப் பாலமும் சேர்ந்து வர ஒன்று, பாலத்திலிருந்து பலகையைப் பார்த்து ஒன்று. கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறகு வருகிறவருக்கு அதுதான் உதவும். கோஆர்டினேட்டைப் பலகையின் முன்னால் நின்று இரண்டு நிமிடம் பொறுத்து எடுங்கள், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுத்து ஒத்துப் பாருங்கள்.

பலகையில் எழுதியிருப்பது எல்லாம் சரி என்றும் நம்பிவிட வேண்டாம். வருடத்தை ட்ரோவில் கிடைத்த செய்தியோடு ஒப்பிடுங்கள். கட்டத் தொடங்கிய வருடமா, திறந்த வருடமா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம் வரும்.

கிடைக்கவில்லை என்றால்

நியூ சவுத் வேல்ஸின் உள்பகுதியில் ஒரு சின்னக் கல்பாலம். பலகை கிழக்குக் கரைச் சுவரில் என்று பட்டியலில் இருந்தது. மகளும் நானும் முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் அவள்தான், "அப்பா, இங்க சுவர் வேற கலரா இருக்கு" என்றாள். பாசி படிந்து கறுத்துப்போன மணற்கல்லில் ஒரு முழ அகலத்துக்கு, செவ்வகமாக, வெளிறிய இடம். நான்கு மூலையிலும் நான்கு துளைகள். ஒன்றுக்குள் உடைந்த போல்ட்டின் தண்டு அப்படியே நின்றது, அதிலிருந்து துரு வழிந்து கல்லில் செம்பழுப்பாய் ஒரு கோடு. உலோகத் தகடுகளைப் பழைய இரும்புக் கடையில் போடத் திருடுகிறவர்கள் உண்டு. எனக்கு வயிறு எரிந்தது. 'திருடிவிட்டார்கள்' என்று பதிவில் எழுதக் கைபோனது.

மகள் கேட்டாள், "நீங்க பாத்தீங்களாப்பா?" என்று.

எழுதவில்லை. 'பலகை இல்லை. கிழக்குச் சுவரில் வெளிறிய செவ்வகமும் நான்கு துளைகளும் உள்ளன, ஒன்றில் உடைந்த போல்ட்' என்று மட்டும் எழுதி, படத்தைச் சேர்த்தேன். அடுத்த வாரம் அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் பதில் எழுதினார். சுவரைப் பழுதுபார்த்தபோது தகட்டை எடுத்தார்களாம், திரும்பச் சுவரில் துளைபோட வேண்டாம் என்று எதிர்க்கரையில் பாறை ஒன்றில் பொருத்திவிட்டார்களாம். திரும்பப் போனோம். புதருக்குள் பாதி மறைந்து, ஒரு திருகுகூடக் கழலாமல் இருந்தது. நாங்கள் முதல் நாள் சாப்பிட உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இருபதடி.

இதனால்தான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். 'எனக்குக் கிடைக்கவில்லை' என்பது ஒன்று. 'இருந்த தடயம் இருக்கிறது, பலகை இல்லை' என்பது இன்னொன்று. 'அகற்றிவிட்டார்கள், இன்னார் உறுதிசெய்தார்' என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், அடுத்து வருகிறவர் தேடவே மாட்டார்.

ஜியோகேச்சிங்கில் கிடைக்காததைப் பதிய 'டிஎன்எஃப்' என்று தனிப் பதிவு இருக்கிறது. அதைப் போட வெட்கப்படுகிறவர்கள் நிறைய. வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று பேர் அடுத்தடுத்து டிஎன்எஃப் போட்டால்தான் வைத்தவர் போய்ப் பார்ப்பார். பலகை போனது உறுதி என்றால், கேச் வைத்தவருக்குக் கவனிக்கச் சொல்லும் பதிவைப் போடுங்கள், பொறியாளர் அமைப்பின் பாரம்பரியப் பிரிவுக்கும் படத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாடு முழுவதும் பரவிக் கிடக்கும் பலகைகளை யாரும் வாராவாரம் சுற்றிப் பார்க்க முடியாது. நாம்தான் கண்.

பதிவில் என்ன எழுத வேண்டும்? தேதி, எங்கே நின்றீர்கள், பலகையில் முதல் வரியும் அமைப்பின் பெயரும், நிலைமை, கோஆர்டினேட், எந்த டேட்டம். 'சூப்பர் இடம், நன்றி' என்று மட்டும் எழுதினால் சரிபார்த்ததாக ஆகாது. அதே நேரம், பலகை ஒரு மல்ட்டியின் துப்பு என்றால் அந்த எண்கள் தெரியும் படத்தைப் பொதுவில் போடாதீர்கள், அடுத்தவர் ஆட்டம் கெட்டுவிடும். அந்தப் படத்தைச் சரிபார்ப்புக்காகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒன்று வைக்க

இருபது முப்பது கேச் கண்டுபிடித்த பிறகு இந்த ஆசை வரும், வரட்டும். இன்னொரு கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்க வேண்டும், தேசியப் பூங்கா என்றால் பூங்கா நிர்வாகத்திடம். பாரம்பரியக் கல்லில் ஆணியோ திருகோ பசையோ கிடையவே கிடையாது, டப்பா அந்தக் கட்டுமானத்தைத் தொடவே கூடாது.

துப்பை ஒரே பலகையில் மட்டும் வைக்காதீர்கள். கல்லிலேயே செதுக்கிய வருடம், தூண்களின் எண்ணிக்கை, வளைவுகளின் எண்ணிக்கை என்று கழற்றிக்கொண்டு போக முடியாதவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகையிலிருந்து எடுக்கும் எண்ணுக்கு வேறொரு மாற்று வழியையும் குறிப்பில் எழுதிவைத்திருந்தால், பலகை போன அன்றே பக்கத்தைத் திருத்திவிடலாம். வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. நான் என் கேச்சுகளைக் கோடை தொடங்கும் முன் ஒரு முறையும், குளிர்காலம் முடிந்ததும் ஒரு முறையும் போய்ப் பார்க்கிறேன். டப்பாவைத் திறப்பதற்கு முன் பலகையிடம் போய், நான்கு திருகும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.